1.9-இலிருந்து 26.01 வரை: பில்லிங் மென்பொருளுக்கு வெர்ஷன் நம்பர் போட்ட அனுபவம்

பொங்கல் முடிந்து ஜனவரி 19, திங்கட்கிழமை காலை, எங்கள் பில்லிங் மென்பொருளின் 26.01 பதிப்பை 83 கடைகளுக்கும் திறந்துவிட்டோம். வியாழன் இரவு கணக்குப் பார்த்தபோது 79 கடைகள் தானாகவே மாறியிருந்தன. அந்த நான்கு நாளில் வெர்ஷன் சம்பந்தமாக வந்த போன் இரண்டே இரண்டு. வருகிற போனையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதே நோட்டில் நான்கு மாதம் முன்னால் உள்ள பக்கங்களைப் புரட்டினால் மூன்று நாளில் 61 போன், அதில் 38 "என்னுடையது எந்த வெர்ஷன்?" என்ற கேள்விக்காக மட்டும். இந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் என்ன செய்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஈரோடு, கோபி, பவானி பக்கம் மளிகைக் கடை, ஹார்டுவேர் கடை, உரக்கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதித் தருகிறோம். நானும் ஒரு கூட்டாளியும், இரண்டே பேர். விண்டோஸில் ஓடும் டாட் நெட் நிரல், எஸ்க்யூலைட் டேட்டாபேஸ், சரக்கு எண்ண ஒரு சின்ன ஆண்ட்ராய்டு ஆப். 2018-இல் 1.0 என்று ஆரம்பித்தோம். அப்போது எண் போடுவதற்கு எந்த யோசனையும் செய்யவில்லை. ஏதாவது சேர்த்தால் 1.1, இன்னொன்று சேர்த்தால் 1.2. இப்படியே 1.9 வரை போயிற்று.

2021 மார்ச் கடைசியில் முதல் அடி விழுந்தது. ஏப்ரல் 1 முதல் ஐந்து கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ள கடைகளும், ஜிஎஸ்டி எண் உள்ள வியாபாரிகளுக்குப் போடும் பில்லில் நான்கு இலக்க ஹெச்எஸ்என் குறியீடு (பொருள் எந்த வகை என்று காட்டும் எண்) போட வேண்டும் என்று விதி. அதைச் சேர்த்து 1.10 என்று வெளியிட்டோம். அப்போது 41 கடைகள். ஒன்றுகூட அப்டேட் ஆகவில்லை.

ஒரு நாள் முழுக்க சர்வரைச் சந்தேகப்பட்டேன். பிறகு இன்டர்நெட் கனெக்‌ஷனை, பிறகு ஆன்டிவைரஸை. கடைசியில் பார்த்தால், புதுப் பதிப்பைத் தானாக இறக்கிப் போடும் அப்டேட்டருக்குள் நானே எழுதிய ஒரு நிரல் வரி. சர்வரில் இருக்கும் எண் கம்ப்யூட்டரில் இருக்கும் எண்ணைவிடப் பெரியதா என்று பார்க்கும் வரி அது. இரண்டையும் எண்ணாக மாற்றாமல் வெறும் எழுத்தாகவே ஒப்பிட்டிருந்தேன். எழுத்தாக ஒப்பிட்டால் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் போகும். 1-க்கு 1 சமம், புள்ளிக்குப் புள்ளி சமம், அடுத்து ஒரு பக்கம் 9, இன்னொரு பக்கம் 1. 1 சின்னது, முடிந்தது. பின்னால் ஒரு சைபர் இருப்பதை அது பார்ப்பதே இல்லை. ஆக 1.9 வைத்திருந்த ஒவ்வொரு கம்ப்யூட்டரும் "என்னிடம் இருப்பதுதான் புதுசு" என்று நிம்மதியாக இருந்தது.

திருத்துவது சுலபம். ஆனால் திருத்திய அப்டேட்டரைக் கடைக்குக் கொண்டுசேர்க்க வேண்டியது அந்தப் பழைய அப்டேட்டர். அதற்குத்தான் 1.10 கண்ணிலேயே படாதே!

அந்த வாரம் கோபியில் ஒரு மளிகைக் கடைக்குப் பென்டிரைவோடு போயிருந்தேன். கல்லாவில் இருந்த பெரியவர் திரையில் 1.9 போய் 1.10 வந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க தம்பி, ஒண்ணு தொண்ணூறுல இருந்து ஒண்ணு பத்துக்கு எறக்கிப் போட்டுட்டீங்களே, பழசைப் போட்டுட்டீங்களாட்ட இருக்குதுங்க?" நான் புள்ளிக்குப் பின்னால் இருப்பது தனி எண் என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டினார், ஒத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்க ரூபாய் பைசா எழுதுகிற மனிதருக்குப் புள்ளி என்றால் அது பைசாப் புள்ளிதான். அவர் படித்த விதம் சரி. அதே தப்பை என் நிரலும் வேறு வழியில் செய்திருந்தது என்பது வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது.

மீள்வதற்கு ஒரு குறுக்கு வழி கிடைத்தது. எழுத்தாக ஒப்பிட்டாலும் 2.0 என்பது 1.9-ஐவிடப் பெரியது. எனவே 1.10-ஐ அப்படியே எடுத்து, அப்டேட்டரை மட்டும் திருத்தி, 2.0 என்று பெயர் மாற்றி வெளியிட்டோம். இரண்டு நாளில் 36 கடைகள் மாறின. இன்டர்நெட் இல்லாத ஐந்து கடைகளுக்கு நேரில் போனோம். பெட்ரோல் 1,150 ரூபாய், பென்டிரைவ் இரண்டு 700 ரூபாய். சரி, முடிந்தது என்று நினைத்தால் வேறு மாதிரி போன் வர ஆரம்பித்தது. "ரெண்டு வந்திருக்குதாமே, அதுக்குத் தனியாக் காசு கட்டோணுங்களா?" முதல் எண் மாறினால் புதிதாக வாங்க வேண்டும் என்பது, பெட்டியில் சிடி போட்டு விற்ற காலத்திலிருந்து வந்த பழக்கம். வருஷச் சந்தாவுக்குள்ளேயே அடக்கம் என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது.

அதன் பிறகு ஒழுங்காகச் செய்வோம் என்று செமான்டிக் வெர்ஷனிங் முறைக்குப் போனோம். மூன்று எண்கள். பழையதோடு ஒத்துப்போகாத மாற்றம் என்றால் முதல் எண் ஏறும், ஒத்துப்போகும் புது வசதி என்றால் நடு எண், பிழைத்திருத்தம் மட்டும் என்றால் கடைசி எண். மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் லைப்ரரிகளை எழுதுகிறவர்களுக்கு இது அருமையான முறை. 2.3-ஐ நம்பி நிரல் எழுதியவர் 2.4-க்குப் பயப்படாமல் மாறலாம், 3.0 என்றால் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும். நான்கு வருஷம் இதைப் பின்பற்றினோம்.

எங்கள் இடத்தில் அது ஒட்டவில்லை. காரணம் புரிந்தது 2023-இல் ஒரு பில்லால். பிரின்டில் மேல் மார்ஜினை 3 மில்லிமீட்டர் கீழே இறக்கினேன். தெர்மல் ரோலில் மேல்வரி வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தது, அதற்கான திருத்தம். என் பார்வையில் அது சுத்தமான பிழைத்திருத்தம், ஆகவே 2.2.4. ஆனால் பவானியில் ஒரு ஹார்டுவேர் கடையில் கட்டம் போட்டு அச்சடித்த பில் படிவத்தில் பிரின்ட் எடுக்கிறார்கள். அங்கே மொத்தத் தொகை கட்டத்தின் கோட்டின் மேலேயே போய் விழுந்தது. ஒரு பகல் முழுக்க அப்படியே பில் போயிருக்கிறது. வீணான படிவத்துக்கு 1,400 ரூபாய் நாங்கள் கொடுத்தோம். அந்தக் கடைக்கு அது ஒத்துப்போகாத மாற்றம், மற்ற கடைகளுக்குத் திருத்தம். எந்த எண்ணை ஏற்றுவது? நானும் கூட்டாளியும் ஒவ்வொரு ரிலீஸுக்கும் அரைமணி நேரம் இதைப் பேசினோம். பேசி முடித்துப் போட்ட எண்ணைக் கடைக்காரர் யாரும் அந்த அர்த்தத்தில் படிக்கவே இல்லை.

பிறகு 2025 செப்டம்பர். 3-ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது, 22-ஆம் தேதி முதல் புது வரி. நெய்யும் வெண்ணெயும் 12-இலிருந்து 5 சதவீதம், பற்பசையும் ஷாம்பூவும் 18-இலிருந்து 5, சிமென்ட் 28-இலிருந்து 18. எங்கள் கடைகளில் விற்கும் பொருளில் பாதிக்கு மேல் வரி மாறியது. வரிப் பட்டியலை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்திருந்தேன் (அது தனித் தப்பு, பின்னால் சொல்கிறேன்). 18-ஆம் தேதி 2.3.7 அனுப்பினோம். 21-ஆம் தேதி ராத்திரி பத்தரைக்கு சோதித்துப் பார்க்கையில் நெய் மட்டும் 12-இலேயே நிற்கிறது. அவசரத்தில் திருத்தி, நான்காவதாக ஓர் எண் சேர்த்து 2.3.7.1 என்று அனுப்பினேன்.

அங்கே இரண்டு தப்பு சேர்ந்துகொண்டன. மென்பொருளைக் கம்ப்யூட்டரில் பதியும் விண்டோஸ் இன்ஸ்டாலரின் எம்எஸ்ஐ முறை முதல் மூன்று எண்களைத்தான் ஒப்பிடும், நான்காவதைக் கண்டுகொள்ளாது. அதற்கு 2.3.7.0-உம் 2.3.7.1-உம் ஒரே வெர்ஷன். அதனால் பழையதை எடுக்காமல் பக்கத்திலேயே இன்னொன்றாகப் பதிந்துவிட்டது. கன்ட்ரோல் பேனலில் எங்கள் மென்பொருள் இரண்டு தடவை நின்றது. இரண்டாவது தப்பு, இன்ஸ்டாலரில் எண்ணை மாற்றிய நான், நிரல் இருக்கும் இஎக்ஸ்இ கோப்புக்குள் உள்ள ஃபைல் வெர்ஷனை மாற்ற மறந்துவிட்டேன். கோப்பின் வெர்ஷன் அதேதான் என்று பார்த்த இன்ஸ்டாலர் பழைய கோப்பை அப்படியே விட்டுவிட்டு "வெற்றிகரமாக முடிந்தது" என்று சொன்னது. நெய் 12-இலேயே இருந்தது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் "புது வெர்ஷன் இருக்கிறது" என்று மறுபடியும் இறக்கிக்கொண்டும் இருந்தது.

விடிகாலை ஆறு மணிக்கு 2.3.8 போன பிறகுதான் சரியானது. ஆனால் அன்று காலை கடைகளில் 2.3.6, 2.3.7, பாதியில் நின்ற 2.3.7.1, 2.3.8 என்று நான்கு விதம். 61 போன் வந்தது அப்போதுதான். அதில் 38 பேர் கேட்டது ஒன்றே: "எங்கடையில ரெண்டு மூணு ஏழுன்னு காட்டுதுங்க, இது புது வரியா பழைய வரியா?" 2.3.7 என்பதில் அதற்குப் பதில் இல்லை. நோட்டைப் பார்க்காமல் எனக்கே சொல்லத் தெரியவில்லை. அது என்னை மிகவும் உறுத்தியது. தப்பான வரியில் பில் போட்டால் மாட்டுவது அவர்கள், நான் இல்லை.

அக்டோபரில் பதினோரு சாயங்காலங்கள் இதற்கென்றே ஒதுக்கினோம். தேதியை வைத்து எண் போடுவது என்று முடிவானது. எந்தத் தேதியிலிருந்து எந்த விதி என்பதுதான் இந்தத் தொழிலே. எண்ணைப் பார்த்ததும் செப்டம்பருக்கு முன்னாலா பின்னாலா என்று தெரிய வேண்டும்.

முதலில் 2025.10.0 என்று வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. இன்ஸ்டாலர் பில்டு, அதாவது நிரலை அனுப்பும் கோப்பாகத் தயாரிக்கும் வேலை, நின்றுவிட்டது. எம்எஸ்ஐ-யில் முதல் எண் அதிகபட்சம் 255, இரண்டாவதும் 255, மூன்றாவது 65535. நான்கு இலக்க வருஷம் அதற்குள் போகாது. சரி என்று 25.10.0. அது போயிற்று.

ஆண்ட்ராய்டு ஆப்புக்குத் திரையில் தெரிகிற பெயர் வேறு, உள்ளே ஒரு முழு எண் வேறு. உள்ளே இருப்பது ஒவ்வொரு ரிலீஸிலும் ஏற வேண்டும், இறக்கவே முடியாது. 58 வரை வந்திருந்தோம். ஆசைப்பட்டு வருஷம், மாதம், தேதி, மணி, நிமிஷம் எல்லாம் சேர்த்து 2510141830 என்று எழுதினேன். அது 251 கோடி. அந்த இடத்தில் 214 கோடிச் சொச்சத்துக்கு மேல் எண் கொள்ளாது, கூகுள் பிளே 210 கோடியோடு நிறுத்திக்கொள்கிறது. நல்லவேளை, பில்டு ஆகவில்லை. இப்போது மணி, நிமிஷத்தை விட்டுவிட்டு, தேதிக்குப் பின்னால் அன்றைய எத்தனையாவது பில்டு என்று இரண்டு இலக்கம்: 25101401. இரண்டரைக் கோடி. 2099 வரை போனாலும் பத்துக் கோடியைத் தாண்டாது.

அடுத்தது மாதத்துக்கு முன்னால் சைபர் போடுவதா வேண்டாமா என்ற கேள்வி. இதில்தான் அதிக நேரம் செலவழித்தோம். செமான்டிக் முறையில் முன் சைபர் கூடாது என்பதே விதி. கூட்டாளி அதைச் சொல்லி வேண்டாம் என்றார். நான் ஒரு வெள்ளைத் தாளில் 26.01, 26.02, 26.09, 26.10, 26.12 என்று எழுதி மூன்று விதமாகப் படித்துக் காட்டினேன். எண்ணாகப் பிரித்து ஒப்பிட்டால் 1, 2, 9, 10, 12: ஏறுகிறது. 2018-இல் நான் எழுதிய மாதிரி எழுத்தாக ஒப்பிட்டாலும் ஏறுகிறது. கோபிப் பெரியவர் படிப்பது போல ரூபாய் பைசாவாகப் படித்தாலும் ஒரு பைசா, இரண்டு, ஒன்பது, பத்து, பன்னிரண்டு: ஏறுகிறது! மூன்று பேரும் ஒரே வரிசையில் வந்து நிற்கிற எண்முறை எங்களிடம் அதுவரை இருந்ததே இல்லை. கூட்டாளி தாளை வாங்கிப் பார்த்தார், "சரி, சைபர் இருக்கட்டும்" என்றார்.

இந்தக் குணம் உள்ள இன்னொரு எண்முறை டெக் அச்சுக்கோப்பு மென்பொருளில் இருக்கிறது. அதை எழுதிய டொனால்ட் குனூத் அதற்கு 3.14, 3.141, 3.1415 என்று பை மதிப்பை நோக்கி ஒவ்வோர் இலக்கமாக நீட்டிக்கொண்டே போகிறார். 2021-இல் அது 3.141592653. எழுத்தாகப் படித்தாலும் தசமமாகப் படித்தாலும் எப்போதும் முந்தியதைவிடப் பெரியது. ஏதோ அழகுக்காகச் செய்தது என்றுதான் முன்பு நினைத்திருந்தேன். 1.10-இல் அடிபட்ட பிறகு பார்க்கும்போது அந்த எண்ணின் மேல் பெரிய மரியாதை வருகிறது.

சைபரில் இன்னொரு சின்னத் தொல்லை. டாட் நெட்டில் வெர்ஷனுக்கென்றே உள்ள டேட்டா வகையில் 26.01 என்று கொடுத்தால் அது 26, 1 என்று பிரித்து வைத்துக்கொள்ளும், திருப்பிக் கேட்டால் 26.1 என்று தரும். 25.10, 25.12 இரண்டிலும் இது தெரியவே இல்லை, ஏனென்றால் சைபரே இல்லை. ஜனவரியில் ஆறு சோதனைக் கடைகளுக்கு அனுப்பியபோது பில்லின் அடியில் 26.01, திரையில் 26.1 என்று இரண்டு விதமாக வந்தது. இப்போது ஒப்பிடுவதற்கு அந்த வகை, காட்டுவதற்குத் தனியாக ஒரு எழுத்து வரி என்று பிரித்துவிட்டோம்.

நடுவில் 25.11 என்று ஒன்று வந்திருக்க வேண்டும். நவம்பரில் முடியும் என்று நம்பி ஃபைல்கள், உதவிப் படங்கள் எல்லாவற்றிலும் 25.11 என்று முன்கூட்டியே போட்டுவிட்டோம். வேலை டிசம்பர் 5 வரை இழுத்தது. எல்லா இடத்திலும் தேடித் தேடி மாற்றினோம், பதினேழு படங்களை மறுபடி எடுத்தோம். தேதியை வைத்தே எண் போடும் உபுன்டு இயங்குதளத்தில் 2006 ஏப்ரலில் 6.04 என்று வர வேண்டியது ஜூனுக்குத் தள்ளிப்போய் 6.06 என்று வந்தது. அவர்களும் தேதிக்கு ஏற்ப எண்ணை மாற்றிக்கொண்டார்கள். இப்போது எங்களிடம் ரிலீஸ் நாள் வரை அதற்கு எண்ணே கிடையாது, "அடுத்தது" என்று மட்டும் கூப்பிடுகிறோம்.

எண் இப்போது ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கிறது. முன்பு நான்கு இடம்: இன்ஸ்டாலர், இஎக்ஸ்இ, அப்டேட்டர் படிக்கும் ஜேசான் கோப்பு, பில்லின் அடிவரி. பில்டு ஓடும்போது அந்த ஃபைலைப் படித்து நான்கிலும் எழுதும், நிரலின் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட் கருவியில் அதே பெயரில் டேக் (அடையாளம்) போடும். ஃபைலில் நான்காவது எண் இருந்தாலோ மூன்றாவது எண் 9-ஐத் தாண்டினாலோ பில்டு நின்றுவிடும். 1.9-உம் 1.10-உம் சோதனையில் நிரந்தரமாக இருக்கின்றன.

கடைக்காரர் கண்ணில் படாத எண்களைத் தேதியிலிருந்து முழுக்கப் பிரித்துவிட்டோம். டேட்டாபேஸ் அமைப்புக்கு எஸ்க்யூலைட்டே யூசர் வெர்ஷன் என்று ஒரு முழு எண்ணுக்கு இடம் கொடுத்திருக்கிறது. அதில் இப்போது 47. போன் ஆப்பும் கடைக் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் முறைக்கு 3. இரண்டுக்கும் புள்ளியே கிடையாது, மாறினால் ஒன்று ஏறும், அவ்வளவுதான். ஒத்துப்போகிறதா என்ற கேள்வி உண்மையில் இந்த இரண்டு இடத்தில்தான் இருந்தது. நான்கு வருஷம் அதை வெளியே தெரியும் எண்ணில் போட்டுக் குழப்பியிருந்தோம்.

மறுபடி முதலிலிருந்து செய்தால் முதல் நாளே வரிப் பட்டியலை நிரலிலிருந்து பிரித்து வைப்பேன். செப்டம்பரில் 38 பேர் கேட்டது நிரலின் வெர்ஷனை அல்ல, வரிப் பட்டியலின் தேதியை. அந்த வேலை இப்போது நடக்கிறது. சோதனைக் கடைகளில் பில்லின் அடியில் இரண்டு துண்டாக வருகிறது: "26.01.1 | வரி: 22-09-2025 முதல்". 80 மில்லிமீட்டர் ரோலில் ஒரே வரியில் அடங்குகிறது. 58 மில்லிமீட்டர் ரோலில் இரண்டாக மடங்குகிறது, அதற்கு "முதல்" என்ற சொல்லை எடுத்துப் பார்க்கிறேன்.

மாறாத நான்கு கடைகளில் மூன்று அடுத்த வாரத்தில் மாறிவிட்டன. மிச்சம் ஒன்று, பவானி உரக்கடையின் குடோன் கம்ப்யூட்டர். இன்டர்நெட் கிடையாது, எடை போட்டுச் சீட்டு மட்டும் எடுக்கிறார்கள். திறந்து பார்த்தால் 1.9. ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவோடு போகிறேன்.